மாத்திரை செடிக்குள் போய் என்ன செய்கிறது? வாசகர் கேள்வி–பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி வருகின்றன. வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் ஆஸ்பிரின், எப்சம் உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு, வைட்டமின் மாத்திரை போன்றவற்றைப் பயிருக்குக் கொடுக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தக்காளிச் செடிக்கு ஆஸ்பிரினைக் கரைத்துத் தெளித்தால் நோய் வராது என்கிறார்கள். மனிதருக்கான வலி மாத்திரை செடிக்கு எப்படி உதவும்? இதில் உண்மை உண்டா?

உண்மை உண்டு, ஆனால் பலர் நினைத்துக்கொண்டிருக்கும் வகையில் இல்லை. தெளிக்கும் அளவில் ஆஸ்பிரின் பூஞ்சையையோ வைரஸையோ நேரடியாகக் கொல்வதில்லை. செடி தன்னிடம் ஏற்கெனவே வைத்திருக்கும் தற்காப்பை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், எப்போது தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது, எதற்குத் தெளிக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைத்துவிடும்.

இந்த மாத்திரையின் மூலப்பொருள் செடியிலிருந்து வந்ததுதான். வில்லோ மரத்தின் பட்டை நெடுங்காலமாகக் காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்தாக இருந்து வந்தது. அதிலுள்ள சாலிசின் 1828-இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1838-இல் சாலிசினிலிருந்து சாலிசிலிக் அமிலம் பெறப்பட்டது. 1897-இல் ஜெர்மனியின் பேயர் மருந்து நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அந்த அமிலத்துடன் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்து, இன்று நாம் ஆஸ்பிரின் என்று அழைக்கும் பொருளைத் தூய வடிவில் தயாரித்தார். ஆனால் செடி அந்த அமிலத்தை எதற்காகத் தன் உடலில் வைத்திருக்கிறது என்பது விளங்குவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

1961-இல் ராஸ் என்ற ஆய்வாளர், புகையிலைச் செடியின் சில இலைகளில் மட்டும் தேமல் வைரஸைத் தேய்த்துவிட்டுச் சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, வைரஸ் படாத மற்ற இலைகளும் அந்நோயை எதிர்க்கும் திறனைப் பெற்றிருப்பதைக் கண்டார். ஓர் இலை பட்ட அடியைச் செடி முழுவதும் அறிந்துகொள்கிறது என்பதே இதன் பொருள். 1979-இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்தினார். அதன் பின் அதே வைரஸைத் தேய்த்தபோது நோய்ப்புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. 1990-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஒன்று புகையிலையிலும் மற்றொன்று வெள்ளரியிலும், நோய் தாக்கியவுடன் செடிக்குள் சாலிசிலிக் அமிலத்தின் அளவு தானாகவே உயர்வதை அளந்து காட்டின. அந்த அமிலத்தைச் சிதைத்துவிடும் பாக்டீரிய மரபணு ஒன்றைப் புகுத்திய செடிகள் இந்த எதிர்ப்புத் திறனை இழந்துவிடுகின்றன என்று 1993-இல் தெரியவந்தபோது, செடியின் அபாய மணியை அடிப்பதில் சாலிசிலிக் அமிலத்துக்கு இன்றியமையாத பங்கு இருப்பது உறுதியாயிற்று. மணி அடித்ததும் பூஞ்சையின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகள் உள்ளிட்ட பல தற்காப்புப் புரதங்களைச் செடி உருவாக்கத் தொடங்குகிறது.

நாம் தெளிக்கும் ஆஸ்பிரின் நீரிலும் இலைக்குள்ளும் மெல்லச் சிதைந்து அதே சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. எதிரி வருவதற்கு முன்பே நாம் மணியை அடித்துவிடுகிறோம். வலி நிவாரணத் தைலங்களில் வீசும் மணத்துக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வைரஸ் தாக்கிய புகையிலைச் செடி அதைக் காற்றில் வெளியிட, அருகிலுள்ள நலமான செடி அதை உள்வாங்கித் தற்காப்பைத் தொடங்குவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்த நாள் முதல் நோயுற்ற செடியை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

கேள்வி: எத்தனை மாத்திரையை எத்தனை லிட்டர் நீரில் கரைப்பது? எத்தனை நாளுக்கு ஒரு முறை தெளிப்பது? கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: கிடைக்காது, கேடுதான் வரும். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படும் அளவுகளை ஆஸ்பிரின் எடையாக மாற்றினால், லிட்டருக்கு ஏறத்தாழ 18 முதல் 180 மில்லிகிராம் வரை வரும். 325 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 2 லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு 160 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அதாவது உச்ச வரம்புக்கு மிக அருகில் போய்விடுகிறோம். எனவே ஒரு மாத்திரைக்கு 4 லிட்டர் நீர் என்று தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். இளநாற்றுகளுக்கு இதையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

மேற்பூச்சு இல்லாத, ஆஸ்பிரின் மட்டுமே கொண்ட மாத்திரையாக இருக்க வேண்டும். குடலில் கரைவதற்காகப் பூச்சிடப்பட்டவை நீரில் சரியாகக் கரைவதில்லை. சில தலைவலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் காஃபீனும் கலந்திருப்பதால் உறையிலுள்ள சேர்மானத்தைப் படித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மாத்திரையை நன்றாகப் பொடித்து, வெதுவெதுப்பான சிறிதளவு நீரில் கரைத்து, மாவுப்பொருள் தெளிப்பான் முனையை அடைக்காதபடி துணியில் வடிகட்டிய பிறகு மீதி நீரைச் சேர்த்து, அன்றைக்கே தெளித்துவிடுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. இந்தக் கரைசல் அமிலத்தன்மை உடையது. தூய நீரில் உச்ச வரம்பு அளவில் கரைத்தால் அதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் மிகும்) 3.4 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே, இலையில் ஒட்டுவதற்காகச் சோப்பைச் சேர்த்தால் சோப்பு திரிந்துபோகும். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்தால், அமிலம் செம்பைக் கூடுதலாகக் கரைத்து இலையைக் கருக்கிவிடக்கூடும். ஆஸ்பிரினைத் தனியாகத் தெளிப்பதே நல்லது.

வெயில் ஏறுவதற்கு முன்போ சாய்ந்த பின்போ, முதலில் இரண்டு மூன்று செடிகளுக்கு மட்டும் தெளித்து ஒரு வாரம் காத்திருங்கள். இலை விளிம்பு கருகுவதும், பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதும், வளர்ச்சி குன்றுவதும் அளவு மிகுந்துவிட்டதன் அடையாளங்கள். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். செடி தற்காப்புக்குச் செலவிடும் ஆற்றல் வளர்ச்சிக்கும் காய்ப்புக்கும் போக வேண்டிய ஆற்றலிலிருந்தே எடுக்கப்படுகிறது. எந்நேரமும் சாலிசிலிக் அமிலத்தை மிகுதியாக உருவாக்கும் மரபணு மாற்றங்கள் கொண்ட ஆய்வகச் செடிகள் குள்ளமாகவே நின்றுவிடுவதை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறார்கள். ஓயாமல் அபாய மணி ஒலிக்கும் ஊரில் யாரும் உழவுக்குப் போக முடியாது.

கேள்வி: சென்ற பருவத்தில் தக்காளிக்கு வாரந்தோறும் ஆஸ்பிரின் தெளித்தேன். இலைநோய் குறைந்ததுபோல் தெரிந்தது. ஆனால் புழுக்கள் முன்பைவிட அதிகமாகத் தின்றுவிட்டன. இது தற்செயலா?

வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். ஒரு வயலில் ஒரு பருவத்தில் கண்டதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. புழுக்கள் பெருகுவதற்குப் பருவநிலையும் அண்டைப் பயிரும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் நீங்கள் கண்டதற்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது.

மனித உடலில் ஆஸ்பிரின் எப்படி வலியைக் குறைக்கிறது என்பதை 1971-இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் கண்டறிந்தார். அவருக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. காயம் பட்ட இடத்தில் கொழுப்பு அமிலங்களிலிருந்து உருவாகும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்களின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுத்துவிடுகிறது. செடியிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடு இருக்கிறது. புழு இலையைக் கடித்ததும் செடியின் கொழுப்பு அமிலங்களிலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகிறது. அதன் வடிவமே புரோஸ்டாகிளாண்டினை ஒத்திருக்கும். புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களை இலையில் சேர்க்கச் சொல்லும் கட்டளை ஜாஸ்மோனிக் அமிலத்தின் வழியாகத்தான் போகிறது. தக்காளிச் செடியில் காயத்துக்கான இந்த எதிர்வினையை ஆஸ்பிரின் தடுத்துவிடுகிறது என்று 1988-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகும் பாதையையே அது அடைத்துவிடுகிறது என்பதை 1993-இல் வந்த ஆய்வு விளக்கியது. நமக்கு வலி நீக்கும் மாத்திரை, செடியின் வலியுணர்வையும் ஒருவகையில் மரத்துப்போகச் செய்துவிடுகிறது என்று சொல்லலாம்.

செடிக்குள் இரண்டு தற்காப்புப் பாதைகள் இருக்கின்றன என்றும், பல சமயங்களில் ஒன்று ஓங்கினால் மற்றொன்று தாழும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள திசுவை ஒட்டி வாழும் சாம்பல் நோய், துரு நோய், அடிச்சாம்பல் நோய், பல வைரஸ் நோய்கள் ஆகியவற்றுக்கு எதிராகப் பெரும்பாலும் சாலிசிலிக் பாதை பயன்படுகிறது. இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களுக்கும், திசுவைக் கொன்று அழுகவைத்துத் தின்னும் பூஞ்சைகளுக்கும் எதிராகப் பெரும்பாலும் ஜாஸ்மோனிக் பாதை தேவைப்படுகிறது. எனவே உங்கள் வயலில் ஆண்டுதோறும் புழுவே முதன்மையான எதிரி என்றால், வாரந்தோறும் ஆஸ்பிரின் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். அடுத்த பருவத்தில் ஒரு வரிசையைத் தெளிக்காமல் விட்டு இரண்டையும் எண்ணிப் பார்த்து எழுதினால் மகிழ்வேன்.

கேள்வி: தேமல் நோய் ஏற்கெனவே வந்துவிட்ட செடிக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் குணமாகுமா?

ஆகாது. வைரஸ் செடி முழுவதும் பரவிய பிறகு மணி அடித்துப் பயனில்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதும், கைகளையும் கருவிகளையும் கழுவுவதும், சாறுறிஞ்சும் பூச்சிகளால் பரவும் வகையாக இருந்தால் அவற்றைக் கட்டுப்படுத்துவதுமே மற்ற செடிகளைக் காப்பாற்றும் வழிகள். நோய் வரும் பருவத்துக்குச் சில நாள்கள் முன்பாகவே எதிர்ப்புத் திறனைத் தூண்டினால்தான் தற்காப்புப் புரதங்கள் உருவாகக் காலம் கிடைக்கும்.

கேள்வி: ஆஸ்பிரினுக்குப் பதில் பாராசிட்டமாலைப் பயன்படுத்தலாமா? இரண்டும் காய்ச்சல் மாத்திரைதானே?

நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் வேலையில்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன. பாராசிட்டமால் சிதைந்து சாலிசிலிக் அமிலமாவதில்லை; எனவே செடியின் தற்காப்பை எழுப்பும் அந்தச் செய்தி அதில் இல்லை. கழிவுநீர் வழியாக வரும் பாராசிட்டமாலைச் செடிகள் வேர்வழி உறிஞ்சி, வேறு மூலக்கூறுகளோடு பிணைத்து நஞ்சு நீக்க முயல்வதையும், அளவு மிகும்போது அவை பாதிக்கப்படுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. தயவுசெய்து வயலில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: நெற்பயிருக்கு இது எந்த அளவு பயன்படும்?

புகையிலையிலும் வெள்ளரியிலும் கண்டதை நெல்லுக்கு அப்படியே பொருத்த முடியாது. நோயில்லாத நிலையிலேயே நெல்லின் இலையில் சாலிசிலிக் அமிலம் மிக அதிகமாக இருக்கிறது. நோய் தாக்கும்போது அது குறிப்பிடத்தக்க அளவு உயர்வதுமில்லை. நெல்லின் எதிர்ப்புத் திறனைத் தூண்ட இயலாது என்று இதற்குப் பொருளில்லை. குலைநோய்க்கு எதிராக ஜப்பானில் 1975 முதல் பயன்பட்டுவரும் புரோபெனசோல் என்ற பயிர் மருந்து பூஞ்சையை நேரடியாகக் கொல்வதைவிடப் பயிரின் தற்காப்பைத் தூண்டியே வேலை செய்கிறது. அது பயிருக்கென்றே ஆராய்ந்து உருவாக்கப்பட்ட பொருள். அந்த இடத்தில் ஆஸ்பிரினை வைக்க என்னிடம் போதிய காரணம் இல்லை.

கேள்வி: எப்சம் உப்பு எல்லாச் செடிக்கும் சத்து என்று சொல்லி ஒருவர் மாதந்தோறும் போடச் சொன்னார். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்து அழுகுவதற்கும் அதுவே மருந்து என்கிறாரே?

முதல் பகுதி அரைகுறை உண்மை. இரண்டாம் பகுதி தவறு. மலச்சிக்கலுக்கு மருந்தாகும் எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட்தான்; அதில் ஏறத்தாழ 10 விழுக்காடு மக்னீசியமும் 13 விழுக்காடு கந்தகமும் உள்ளன. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு இருப்பதால், அது குறைந்தால் இலை வெளுக்கும். பற்றாக்குறை வந்ததும் செடி முதிர்ந்த இலைகளிலுள்ள மக்னீசியத்தை எடுத்துத் தளிர்களுக்கு அனுப்பிவிடும். ஆகவே அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடைப் பகுதி மஞ்சளாகவும் மாறும். தளிர் இலைகளில் அதே தோற்றம் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு எப்சம் உப்பு உதவாது.

மக்னீசியம் குறைவு என்று உறுதியானால் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை கரைத்து இலைவழியாகத் தெளிக்கலாம். மண்ணில் போதுமான மக்னீசியம் இருக்கும்போது மேலும் போட்டால், அது கால்சியத்தோடும் பொட்டாசியத்தோடும் போட்டியிட்டு வேர் அவற்றை எடுப்பதைக் குறைத்துவிடும். காயின் அடிப்பக்கம் கருத்து அழுகுவதற்குக் காரணம், வளரும் காய்க்குக் கால்சியம் போதிய அளவு போய்ச் சேராமைதான். பெரும்பாலும் நீர் பாய்ச்சுவது ஒழுங்கற்றுப் போவதால் அது நேர்கிறது. அந்த நேரத்தில் எப்சம் உப்பைப் போடுவது நோயை வளர்க்கவே செய்யும். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரையால் எத்தனை காய்கள் வீணாகின்றன என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: வேர் அழுகலுக்கு, புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடை மண்ணில் ஊற்றலாமா?

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டுக் கரைசல் ஒரு லிட்டர் முழுவதும் சிதைந்தால் ஏறத்தாழ 10 லிட்டர் ஆக்சிஜன் வாயு வெளிவரும். இந்த எண்ணிக்கையைக் கேட்டால் மூச்சுத் திணறும் வேருக்கு இதைவிட நல்லது இல்லை என்று தோன்றும். ஆனால் மண்ணில் பட்டவுடனேயே நுரைத்துச் சிதையத் தொடங்கிவிடுவதால் அந்த ஆக்சிஜன் நெடுநேரம் நிற்பதில்லை; அதற்குள் அழுகல் பூஞ்சையோடு வேருக்கு உதவும் நுண்ணுயிர்களும் மடிகின்றன. வடிகாலைச் சரிசெய்யாமல் இதை ஊற்றினால் அழுகல் திரும்பவும் வரும். நாற்றுத் தட்டு, கத்தரிக்கோல், நீர்க்குழாய் ஆகியவற்றைச் சுத்தம் செய்யவும், விதையின் மேற்பரப்பிலுள்ள பூஞ்சை வித்துகளைக் குறைக்கச் சில நிமிடங்கள் நனைத்து நன்றாகக் கழுவவும் இது பயன்படும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: வைட்டமின் பி1 மாத்திரையைக் கரைத்து ஊற்றினால், இடம் மாற்றி நட்ட செடி விரைவில் வேர் பிடிக்குமா?

இந்த நம்பிக்கை ஒரு நல்ல ஆய்விலிருந்துதான் பிறந்தது. 1937-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜேம்ஸ் பானர், செடியிலிருந்து வெட்டியெடுத்துக் குடுவையில் தனியாக வளர்த்த பட்டாணி வேர் வளர்வதற்குப் பி1 தேவைப்படுவதைக் காட்டினார். ஆனால் குடுவையில் இருந்தது இலையில்லாத வேர். முழுச் செடியின் இலைகளே பி1-ஐத் தயாரித்து வேருக்கு அனுப்பிவிடுகின்றன. நட்ட செடிக்கு நிழலும் சீரான ஈரமும் செய்யும் உதவியை இந்த மாத்திரை செய்யாது.

கேள்வி: வீட்டில் மீந்துபோன ஆன்டிபயாட்டிக் கேப்சூல்கள் நிறைய இருக்கின்றன. வாடல் நோய்க்கு அவற்றைக் கரைத்து ஊற்றினால் நல்லது என்று கேள்விப்பட்டேன். செய்யலாமா?

செய்யவே கூடாது. பயிர்நோய்களில் பெரும்பாலானவை பூஞ்சைகளாலும் வைரஸ்களாலும் வருபவை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. வாடல் நோயிலும் பூஞ்சையால் வருவது உண்டு, பாக்டீரியாவால் வருவதும் உண்டு. பாக்டீரிய வாடலாகவே இருந்தாலும் கிருமி நீர்க்குழல்களுக்குள்ளும் மண்ணிலும் குடியிருப்பதால், நீங்கள் ஊற்றும் கேப்சூல் அதை அழித்துவிடாது.

இதைவிடப் பெரிய கவலை வேறொன்று. 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் 1950-களில் ஆப்பிள், பேரி மரங்களின் தீக்கருகல் நோய்க்கு எதிராகத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. 1971-இல் கலிபோர்னியாவின் பேரித் தோட்டங்களில் அம்மருந்துக்கு அடங்காத கிருமி தென்பட்டது. அத்தகைய எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியவை. அவற்றுள் சில மனிதரைத் தாக்கும் பாக்டீரியாக்களிலும் காணப்படுகின்றன. அளவு தெரியாமல் மண்ணில் ஊற்றும் ஒவ்வொரு கேப்சூலும் இத்தகைய கிருமிகளுக்கு வாய்ப்பளிக்கிறது. நாளை ஒரு குழந்தைக்கு நிமோனியா வரும்போது அந்த மருந்து வேலை செய்ய வேண்டும். மீந்த கேப்சூல்களை மருந்துகளைத் திரும்பப் பெறும் இடம் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: காலாவதியான ஆஸ்பிரின் மாத்திரைகளில் புளித்த காடியின் வாடை வருகிறது. செடிக்காவது உதவுமா, அல்லது அதையும் எறிந்துவிட வேண்டுமா?

ஈரக்காற்று பட்டு ஆஸ்பிரின் சிதையும்போது சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் உருவாகின்றன; நீங்கள் உணரும் வாடை அசிட்டிக் அமிலத்தினுடையது. மனிதர் அதை உட்கொள்ளக் கூடாது. செடிக்குத் தேவைப்படுவது சாலிசிலிக் அமிலமே என்பதால், மேலே சொன்ன அதே அளவில், முதலில் இரண்டு செடிகளில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், குறிப்பாக அதனால் மூச்சுத் திணறல் வரும் ஆஸ்துமாக்காரர்கள், பொடிக்கும் வேலையையும் தெளிக்கும் வேலையையும் வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். கரைசலைக் குடிநீர்ப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளுக்குச் சாலிசிலேட் நஞ்சாகும் அளவு மிகச் சிறியது. மீதமாகும் கரைசலை அடுத்த முறைக்கு எடுத்துவைக்காமல், அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் கணக்கிட்டுத் தயாரியுங்கள்.